பெயர் கேளாத பொழுது: டோரத்தியா லாங்கின் வாழ்வு

கவிஞர்கள் கூடும் வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு மலரில் புகைப்படக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் கூட்டங்களில் ஏழையைப் பற்றிய கவிதைகள் எத்தனையோ வாசிக்கப்பட்டிருக்கின்றன. நானும் சில வாசித்துக் கைதட்டல் பெற்றிருக்கிறேன். அந்த ஏழையோடு நாம் பேசினோமா, அவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா என்று எவரும் நம்மைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைத் தம் தொழிலின் நடுவிலேயே சுமந்து திரிந்த பெண்மணி ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஆயிரக்கணக்கான படங்களில் அவர் அதற்கு விடை கண்டார். ஒரே ஒரு படத்தில் தவறினார். உலகம் அறிந்தது அந்த ஒரு படத்தைத்தான்.

டோரத்தியா லாங் 1895ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். ஏழாம் வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி வலக்கால் சூம்பிற்று. உயிர் பிழைத்தார், நடை மட்டும் திரும்பவில்லை. உடன் விளையாடிய பிள்ளைகள் நொண்டி என்று கேலி செய்தனர். பிறர் எதிரே வரும்போது நேராக நடக்கும்படி தாய் காதோடு கூறுவார். கேலியை மறந்த டோரத்தியா, தாயின் அந்தக் கிசுகிசுப்பை இறுதிவரை மறக்கவில்லை என்பர். பன்னிரண்டாம் வயதில் தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். பின்னாளில் மகள் தந்தையின் குடும்பப் பெயரைக் களைந்து, லாங் என்னும் தாய்வழிப் பெயரைச் சூடிக்கொண்டார். பெயர் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இளமையிலேயே உணர்ந்தவர் அவர். பின்னால் வரப்போகும் செய்திக்காக இதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நலம்.

தாய்க்கு நியூயார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஒரு நூலகத்தில் வேலை. நாள்தோறும் தாயோடு படகேறி ஆற்றைக் கடந்து, அப்பகுதிப் பள்ளியிலேயே டோரத்தியா பயின்றார். பல நாட்டு மொழிகள் ஒலிக்கும் நெரிசலான தெருக்கள். குடித்து வீழ்ந்து கிடக்கும் மனிதர்கள். அவர்களுக்கு நடுவே கால் விந்தி நடக்கும் ஒரு சிறுமி. எவர் கண்ணும் தன்மேல் படாதவாறு முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தபடி செல்ல அங்கேதான் அவர் பழகினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாம் புகைப்படக் கலைஞராகப் போவதாக அறிவித்தபோது அவரிடம் சொந்தமாக ஒரு கேமரா கூட இல்லை. நியூயார்க்கின் புகழ்பெற்ற கலைஞர் சிலரிடம் தொழில் கற்றார். 1918இல் தோழி ஒருவருடன் உலகைச் சுற்றப் புறப்பட்டு, சான் பிரான்சிஸ்கோவில் பணத்தைத் திருட்டுக் கொடுத்து, வேறு வழியின்றி அங்கேயே தங்கினார். அடுத்த ஆண்டே சொந்த ஸ்டூடியோ. செல்வர் வீட்டுக் குடும்பப் படங்கள் நல்ல வருவாய் தந்தன. 1920இல் மேனார்ட் டிக்சன் என்னும் ஓவியரை மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர்.

1929இல் பங்குச் சந்தை வீழ்ந்தது. பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பிடித்தது. படம் எடுத்துக்கொள்ள வருவோர் அருகினர். ஸ்டூடியோவின் சன்னலுக்கு வெளியே வேலையிழந்தோர் போக்கிடம் அறியாமல் நிற்பதை டோரத்தியா நாள்தோறும் கண்டார். உள்ளே தாம் எடுக்கும் முகங்களுக்கும் வெளியே நிற்கும் முகங்களுக்கும் உள்ள தொலைவு அவரை உறுத்தியது. 1933ஆம் ஆண்டு ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். 'வெள்ளைத் தேவதை' என்று மக்கள் அழைத்த ஒரு பெருமாட்டி நடத்திய கஞ்சித்தொட்டியின் முன் கூட்டம் நின்றது. எல்லோரும் ஒரு பக்கம் திரும்பியிருக்க, ஒரு முதியவர் மட்டும் கூட்டத்துக்கு முதுகு காட்டி, கட்டைத் தடுப்பின்மேல் முழங்கைகளை ஊன்றி, கைகளைக் கோத்து, தகரக் குவளை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார். தொப்பியின் விளிம்பு கண்களை மறைக்கிறது. அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது. ஆயினும் அது தள்ளி நின்று எடுத்த படம். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நமக்கு வந்து சேரவில்லை.

சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தவர் பால் டெய்லர். பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர். ஸ்பானிய மொழி அறிந்தவர். மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைக் கூலிகளோடு வரப்பில் உட்கார்ந்து பேசி ஆராய்ச்சி செய்தவர். 1934இல் ஒரு கண்காட்சியில் டோரத்தியாவின் தெருப்படங்களைக் கண்டு, கலிபோர்னிய மாநில நிவாரண நிறுவனத்துக்காகத் தாம் நடத்திய ஆய்வில் அவரைச் சேர்த்துக்கொண்டார். புகைப்படக்காரருக்குச் சம்பளம் கொடுக்க அந்த நிறுவனத்தின் கணக்கில் இடமில்லை. ஆகவே தட்டெழுத்தர் என்று பதிந்து வேலைக்கு எடுத்தனர். அரசாங்க அலுவலகங்கள் எங்கும் ஒரே சாதிதான் போலும்! படமும் எழுத்துமாக இருவரும் அளித்த அறிக்கைகள், இடம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்க்கு அரசே முகாம்கள் அமைக்கக் காரணமாயின. 1935இன் இறுதியில் இருவரும் தத்தம் முதல் மணத்திலிருந்து விடுபட்டு ஒருவரையொருவர் மணந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே நடுவண் அரசின் மறுகுடியேற்ற நிர்வாகத்தில் ராய் ஸ்ட்ரைக்கர் என்பாரின் கீழ் டோரத்தியா பணியேற்றார். அந்நிறுவனமே பின்னர் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் எனப் பெயர் மாறியது.

அவர் மக்களை அணுகிய முறையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தியவுடன் கேமராவோடு பாய்பவர் அல்லர் அவர். மெல்ல இறங்குவார், விந்தி விந்தி நடந்து வருவார். கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நடையைப் பார்ப்பார்கள். வந்தவர் அதிகாரியும் அல்லர், ஆண்டையும் அல்லர், உடலில் ஒரு குறையோடு உழலும் பெண் என்று கண்டதும் அவர்கள் முகத்து இறுக்கம் தளரும். தாய் மறைக்கச் சொன்ன கால்தான் பிறர் வீட்டுக் கதவைத் திறந்தது. இதை அவரே உணர்ந்திருந்தார். அந்தக் கால் தம்மை ஆக்கியது, தமக்கு வழிகாட்டியது, தம்மைத் தாழ்த்தவும் செய்தது என்னும் கருத்தில் முதுமையில் பேசியிருக்கிறார்.

அருகே வந்தபின் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்து முடிக்காமல் நெடுநேரம் பருகுவார். வந்தவள் நம்மிடம் ஒன்று பெற்றுக்கொண்டாள் என்ற நினைவு கொடுத்தவருக்கு எவ்வளவு நிமிர்வைத் தரும் என்பதைத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வருபவரைத் திண்ணையில் அமர்த்திப் பழகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு பேச்சு. பிறரைக் கேட்குமுன் தம்மைப் பற்றிச் சொல்வார்: யார், எங்கிருந்து வருகிறேன், எதற்காகப் படம் எடுக்கிறேன், என் பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம். குழந்தைகள் கேமராவைத் தொட்டுப் பார்த்தால் விரட்டமாட்டார். மறுத்தவர்களை வற்புறுத்துவதில்லை, ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடுவார், சற்று நேரத்தில் அவர் அங்கிருப்பதே மறந்துவிடும்.

பால் டெய்லர் ஒருபுறம் பேசிக்கொண்டிருக்க, டோரத்தியா மறுபுறம் படம் எடுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். நல்ல சொல் ஒன்று விழுந்தால் அது மனத்திலிருந்து நழுவுமுன் வண்டிக்கு ஓடிக் குறிப்பேட்டில் எழுதுவார். திருத்தமாட்டார், மெருகேற்றமாட்டார், அவர்கள் சொன்ன கொச்சையிலேயே எழுதுவார். 1938இல் டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியில், நெற்றியில் ஒரு கையும் கழுத்தில் ஒரு கையும் வைத்து, சாக்குத் துணியால் தைத்த ஆடையோடு நிற்கும் பெண் ஒருத்தியை எடுத்தார். சாவைப் பற்றி அவள் சொன்ன ஒரு வரியும் படத்தோடு சேர்த்துப் பதிவாயிற்று. படத்தை மறந்தாலும் அந்த வரியை மறக்க முடியாது. 1939இல் கணவரும் மனைவியும் இணைந்து வெளியிட்ட நூலில், மக்கள் தம் வாயாற் சொன்னவற்றையே படங்களின் அடியில் அச்சிட்டனர். வேறு சில புகழ்பெற்ற நூல்களில் ஆசிரியர்கள் தாமே கற்பித்த பேச்சை ஏழைகளின் வாயில் இட்டு நிரப்பிய காலம் அது. ஜான் ஸ்டைன்பெக் இடம்பெயர்ந்தோர் பற்றி எழுதிய செய்தித்தாள் கட்டுரைகள் 1938இல் சிறு நூலாக வந்தபோது அதில் இடம்பெற்றவையும் டோரத்தியாவின் படங்களே.

இவற்றையெல்லாம் புகழும்போது ஒன்றை மறைத்தல் முறையாகாது. ஊர் ஊராகச் சுற்றிய ஆண்டுகளில் தம் பிள்ளைகளைப் பணம் கொடுத்துப் பிறர் வீடுகளில் விட்டுச் சென்றார். அந்தப் பிரிவு பிள்ளைகள் மனத்தில் நெடுங்காலம் புண்ணாக இருந்தது. தாயும் சேயுமாக உலகம் கொண்டாடும் படத்தை எடுத்தவர், அதை எடுத்த நாளில் தம் மக்களை விட்டு ஒரு மாத காலம் வெளியூரில் இருந்தவர்.

அந்த நாள் 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்தது. ஒரு மாதப் பயணம் முடிந்து, எடுத்த பிலிம் சுருள்களை மூட்டை கட்டிக்கொண்டு, தனியாக வீடு நோக்கி வண்டி ஓட்டிவந்தார். மழை. உடல் தளர்ந்திருந்தது. கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரருகே பட்டாணி பறிப்போர் முகாம் என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. கடந்து சென்றார். எடுத்தவை போதும் என்று தமக்குத் தாமே வாதாடிக்கொண்டு இருபது மைல் போனபின், ஏனென்று அறியாமலே வண்டியைத் திருப்பினார். உறைபனியில் பட்டாணி பாழாகி, வேலையின்றி மக்கள் சேற்றில் முடங்கியிருந்தனர். முன்னே ஒரு சாய்ப்புக் கூடாரம். அதில் ஒரு பெண்ணும் சில குழந்தைகளும். படிப்படியாக நெருங்கி ஐந்தாறு படங்கள் எடுத்தார். கடைசிப் படத்தில் இரு சிறுமியர் தாயின் தோள்களில் முகம் புதைத்துத் திரும்பியிருக்கின்றனர், மடியில் கைக்குழந்தை, தாய் ஒரு கையைத் தாடையருகே வைத்து எங்கோ பார்க்கிறாள். எல்லாம் பத்து நிமிடங்களுக்குள் முடிந்தது. வயது கேட்டார், முப்பத்திரண்டு என்று விடை வந்தது. பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கி நெடுநேரம் பருகவும் இல்லை. முகாமில் வேறு எவரையும் அணுகாமல் வண்டியேறிவிட்டார்.

படங்கள் சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாளொன்றில் வெளிவந்தன. உடனே அரசு 20,000 பவுண்டு உணவை நிப்போமோவுக்கு அனுப்பியது. பட்டினி கிடந்த முகாமுக்கு அது உயிர்ப்பிச்சை. ஒரு கலைப்படைப்பு இத்தனை விரைவாகச் சோறாக மாறியது அரிதினும் அரிது. ஆனால் படத்தில் இருந்த பெண்ணுக்கு அதில் ஒரு பிடியும் கிட்டவில்லை. உணவு வருமுன் அவர் குடும்பம் அடுத்த வேலை தேடிப் புறப்பட்டுவிட்டது.

படம் அரசின் உடைமை. எவரும் இலவசமாக அச்சிடலாம். 'இடம்பெயர்ந்த தாய்' என்ற தலைப்போடு அது உலகெங்கும் போயிற்று. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் இல்லாமையால் அந்தத் தலைவி எல்லார்க்கும் பொதுவாகிறாள். கற்பவர் ஒவ்வொருவரும் அவளுள் புகுந்துகொள்ள முடிகிறது. இந்தப் படம் பெற்ற பெருவாழ்வுக்கும் அதே காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்தவர் எல்லாம் தம் தாயை அதில் கண்டனர். ஆயினும் அகத்தலைவி புலவன் படைத்த மாந்தர். அவளுக்குப் பசியில்லை, வாடகையில்லை, பத்திரிகையில் தன் முகம் கண்டு நாணும் மகளும் இல்லை. இங்கே இருந்தவளோ சதையும் குருதியுமான ஒருத்தி. புறமாக எழுத வேண்டியதை அகமாக எழுதிவிட்டார் டோரத்தியா. அன்பர்கள் இதில் மாறுபடலாம். நம் அடுத்த கூட்டத்தில் வாதிடுவோம்.

1942இல் அவருக்கு வேறொரு சோதனை வந்தது. ஜப்பானோடு போர் மூண்டதும், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழிவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்க அரசு வீடுகளிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். இடமாற்றத்தைப் பதிவு செய்ய அரசே டோரத்தியாவை அமர்த்தியது. முள்வேலியையும் காவற் கோபுரத்தையும் எடுக்கலாகாது என்பது கட்டளை. அவரோ கழுத்தில் எண் அட்டை தொங்க மூட்டைகளோடு காத்திருந்த குடும்பங்களை எடுத்தார். வெளியேற்றப்படுமுன் பள்ளியில் அமெரிக்கக் கொடியின் முன் நெஞ்சில் கைவைத்து நின்ற குழந்தைகளை எடுத்தார். எவரையும் இரக்கத்துக்குரியவராகக் காட்டாமல் அயலார் வீட்டு மனிதராகவே காட்டிய அந்தப் படங்களை இராணுவம் பூட்டி வைத்தது. போர் முடியும் வரை அவை வெளிவரவில்லை. அவற்றில் மிகப் பலவற்றைத் தொகுத்த நூல் 2006இல்தான் வந்தது. அந்த ஒரு பணிக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

போருக்குப்பின் நோய் வாட்டியது. அயர்லாந்துச் சிற்றூர்களையும், 1958இல் கணவரோடு ஆசியாவுக்குச் சென்று கொரியா முதலிய நாடுகளையும் படம்பிடித்தார். மொழி தெரியாத இடங்களில் முகங்களையும் கைகளையும் பாதங்களையும் நெருங்கி எடுத்தார். அவற்றில் அழகு உண்டு, பேச்சு இல்லை.

நிப்போமோவில் கண்ட பெண் தம்மைத் தேடி வருவார் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். 1958இல் ஓர் இதழில் தம் படத்தைக் கண்ட அந்தப் பெண், அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்குக் கடிதம் எழுதினார். படம் தம் கையில் இல்லை, அரசின் கையில் இருக்கிறது என்னும் விடைக்கு மேல் டோரத்தியா தரப்பில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த மழை நாளைப் பற்றி டோரத்தியா ஒரு கட்டுரை எழுதினார். பெயரும் வரலாறும் கேட்கவில்லை என்பதை அதில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். படம் தமக்கு உதவக்கூடும் என்று அந்தப் பெண் கருதினார், அதனால் அவர் எனக்கு உதவினார், அதில் ஒருவகைச் சமன்மை இருந்தது என்ற பொருளில் எழுதினார். உணவுக்காகக் கார் டயர்களை விற்றிருந்தார்கள் என்றும் எழுதினார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவு. குறிப்பேட்டில் ஏறாத நினைவு.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் டோரத்தியா காலமானார். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் தம் வாழ்நாட் பணியைக் காட்டும் கண்காட்சிக்கான படங்களை நோய்ப்படுக்கையிலும் தேர்ந்துகொண்டிருந்தார். 1966 சனவரியில் அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை.

1978இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரச் செய்தியாளர் ஒருவர், நகரும் வீடுகள் நிறைந்த குடியிருப்பு ஒன்றில் அந்தப் பெண்ணைக் கண்டறிந்தார். அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். ஒக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனத்துப் பழங்குடிப் பெண். முதற் கணவரை 1931இல் இழந்தவர். புழுதிப்புயல் துரத்தி வந்தவர் அல்லர், அதற்கு முன்பே கலிபோர்னியாவில் உழைத்துவந்தவர். தன்னை ஐரோப்பிய வழிவந்த உழவர்குடித் தாயாக உலகம் நாற்பது ஆண்டுகளாக எண்ணிவந்ததை அவர் அறிந்தாரோ இல்லையோ, பெயர் கேட்காததையும், அனுப்புவதாகச் சொன்ன படம் ஒன்று வராததையும், தமக்கு ஒரு காசும் கிட்டாததையும் கசப்போடு கூறினார். டயர் விற்ற கதையைப் பிள்ளைகள் மறுத்தனர். வண்டி பழுதாகி வழியில் நின்றிருந்தது; ஆண்கள் அதைச் சரிசெய்யச் சென்றிருந்தனர்; அந்த இடைவேளையில் வந்தவர்தான் டோரத்தியா. வேறொரு குடும்பத்தின் கதை அவர் நினைவில் இதனோடு கலந்திருக்கலாம்.

1983இல் ஃப்ளாரன்ஸ் நோயுற்றார். மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி வேண்டினர். 30,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. முன்பின் அறியாதவர்கள், பலர் முதியவர்கள், சிறு தொகையோடு கடிதங்களும் அனுப்பினர். அந்தப் படம் தம் வாழ்வில் என்னவாக இருந்தது என்று எழுதியிருந்தனர். அதுவரை அப்படத்தை ஒரு சாபமாகக் கருதிவந்த பிள்ளைகள், கடிதங்களைப் படித்தபின் அதை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினர். செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது; அதன்கீழ் படத்தின் தலைப்பும் பொறிக்கப்பட்டிருக்கிறது.